நிலம் வெல்லும் இணைய விளையாட்டு: புதியவர்களுக்கு உகந்த வரைபடம் எது?

சதுரங்கம் பழக முற்படும் ஒருவருக்குப் பலகையைத் தெரிவு செய்ய வேண்டிய நிலை ஒருபோதும் ஏற்படுவதில்லை. உலகின் எந்த மூலையில் அமர்ந்து ஆடினாலும் 64 கட்டங்களே. ஆனால் வரைபடமொன்றின் மீது படைகளை நிறுத்தி, அயல் நிலங்களைத் தாக்கி, இறுதியில் முழு நிலப்பரப்பையும் தன்வசமாக்குவதை நோக்கமாகக் கொண்ட இணைய விளையாட்டுகளில் நிலைமை வேறு. இங்கே விதிகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்க, பலகைகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. விளையாட்டினுள் நுழையும் புதியவர் முதன்முதலில் எடுக்க வேண்டிய முடிவு எங்கே தாக்குவது என்பதல்ல. எந்த வரைபடத்தில் ஆடுவது என்பதாகும். அதனைத் தீர்மானிப்பதற்கு வேண்டிய அறிவு அவரிடம் இருப்பதற்கில்லை என்பதே இதிலுள்ள சிக்கல்.

இதன் விளைவை நாம் அடிக்கடி காண்கிறோம். பார்வைக்கு அழகான வரைபடத்தையோ, தமக்குப் பிடித்த நாட்டின் வரைபடத்தையோ தெரிவு செய்யும் இளைஞர்கள், இரண்டு மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து தோற்ற பின்னர், "இது வெறும் பகடை அதிர்ஷ்டம்" எனக் கூறி ஒதுங்கிவிடுகின்றனர். தோற்றதற்கான காரணம் பகடையில் அல்ல, வரைபடத்தின் கணக்கிலேயே இருந்தது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அக்கணக்கு கடினமானதன்று. ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனால் கூட்டிக் கழித்துப் பார்க்கக் கூடியதே.

இவ்வகை விளையாட்டுகள் அனைத்துக்கும் மூலம் 'ரிஸ்க்' என்ற பலகை விளையாட்டாகும். அதனை உருவாக்கியவர் அல்பேர் லமொரிஸ் என்ற பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநர் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம். சிறுவன் ஒருவனையும் ஒரு பலூனையும் வைத்து 1956 இல் 'சிவப்பு பலூன்' என்ற மென்மையான குறும்படத்தை எடுத்த அதே கலைஞரே, அடுத்த ஆண்டில் 'உலகைக் கைப்பற்றல்' என்ற பொருள்படும் பெயருடன் இவ்விளையாட்டையும் பிரான்ஸில் வெளியிட்டார். 1959 இல் அமெரிக்காவின் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் அதனை 'ரிஸ்க்' என்ற பெயரில் சந்தைப்படுத்தியது. இணையம் பரவலான பின்னர் இதன் வழிவந்த விளையாட்டுகள் பல தோன்றின. 2006 இல் ஆரம்பிக்கப்பட்ட கொன்கர் கிளப், முன்னர் வோர்லைட் என்று அழைக்கப்பட்டுப் பின்னர் வோர்சோன் எனப் பெயர் மாற்றம் பெற்ற விளையாட்டு, ரிஸ்க்கின் உரிமையைப் பெற்று வெளியிடப்பட்ட கைத்தொலைபேசிப் பதிப்பு ஆகியன அவற்றுள் சிலவாகும். முதலிரண்டிலும் வரைபடங்களிற் பெரும்பாலானவை ஆடுவோராலேயே வரையப்பட்டவை. ஆகவே அவற்றின் தரமும் கடினமும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபடுவது இயல்பே.

முதலில் விதியைச் சுருக்கமாகப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் தமது ஆட்டம் தொடங்கும்போது, ஒருவர் தம்வசமுள்ள நிலப்பகுதிகளின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து, அத்தனை புதிய படைகளைப் பெறுகிறார். எஞ்சும் பின்னம் கணக்கில் கொள்ளப்படாது. எவ்வளவு குறைந்தாலும் மூன்று படைகள் நிச்சயம் கிடைக்கும். இதற்கும் மேலாக, ஒரு கண்டம் முழுவதையும் வைத்திருப்பவருக்கு அக்கண்டத்துக்குரிய மேலதிகப் படைகள் ஒவ்வொரு முறையும் வழங்கப்படும். பின்னர் அயல் நிலங்களைப் பகடை உருட்டித் தாக்கலாம். தாக்குபவர் மூன்று பகடைகள் வரையும் காப்பவர் இரண்டு பகடைகள் வரையும் உருட்ட, எண்கள் சமமானால் வெற்றி காப்பவருக்கு.

'மூன்றுக்குக் குறையாது' என்ற அந்தச் சிறிய விதியிலேயே புதியவருக்கான முதற்பாடம் பொதிந்துள்ளது. ரிஸ்க்கின் மூல வரைபடத்தில் 42 நிலப்பகுதிகள் உள்ளன. நால்வர் ஆடும்போது ஆளுக்கு 10 அல்லது 11 நிலங்கள் கிடைக்கும். 11 ஐ மூன்றால் வகுத்தாலும் மூன்று படைகளே. 9 ஐ வகுத்தாலும் மூன்றே. நிலங்கள் ஐந்தாகக் குறைந்துவிட்டாலும் அதே மூன்றுதான். அதாவது 12 நிலங்களை எட்டும் வரை அனைவரின் அடிப்படை வருமானமும் சமமாகவே இருக்கும். முதற்சுற்றுகளில் அவசரப்பட்டு நான்கைந்து நிலங்களை இழந்த ஒருவர், அந்த இழப்புக்காகத் தமது வருமானத்திலிருந்து ஒரு படையைக்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. தவறிழைப்பதற்கும் அதிலிருந்து மீள்வதற்கும் வரைபடமே அவருக்கு அவகாசம் தருகிறது.

இனி, 150 நிலப்பகுதிகளைக் கொண்ட ஒரு பெரிய வரைபடத்தை எண்ணிப் பாருங்கள். மூவர் ஆடினால் ஆளுக்கு 50 நிலங்கள். தொடக்கத்திலேயே 16 படைகள். இங்கே அந்த 'மூன்று' என்ற தரை எங்கோ பாதாளத்தில் கிடக்கிறது. மூன்று நிலங்களை இழந்தால் ஒரு படை போய்விடும்; ஆறு நிலங்களை இழந்தால் இரண்டு. முதலாவதாக ஆடும் அனுபவசாலி 16 படைகளையும் ஓரிடத்திற் குவித்து, புதியவரின் நிலங்களில் ஏழெட்டைப் பறித்துவிடுவார். புதியவரின் முறை வரும்போது அவருடைய வருமானம் ஏற்கனவே சுருங்கியிருக்கும். அடுத்த சுற்றில் இடைவெளி மேலும் விரியும். ஐந்தாவது சுற்றில் ஆட்டம் முடிந்துவிட்டது என்பதை அறியாமலேயே அவர் இருபதாவது சுற்று வரை படைகளை நகர்த்திக் கொண்டிருப்பார். பெரிய வரைபடத்தில் ஒளிந்து கொள்ள இடமுண்டு என்று எண்ணுவோர் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

மிகச் சிறிய வரைபடங்களும் உகந்தவையல்ல. 20 நிலங்களில் நால்வர் மோதினால் ஆளுக்கு ஐந்து நிலங்களே. ஒருவருக்குப் பகடை தொடர்ந்து சாதகமாக விழுந்தால் மற்றொருவர் முதற்சுற்றிலேயே அகற்றப்படக் கூடும். அங்கே கற்பதற்கு எதுவும் இராது. எனவே 30 க்கும் 50 க்கும் இடைப்பட்ட நிலங்களைக் கொண்ட வரைபடத்தில், நால்வராக ஆடுவதே ஆரம்பத்துக்குப் பொருத்தமானது என்பது எமது கருத்தாகும்.

நிலங்களின் எண்ணிக்கைக்கு அடுத்ததாக எண்ண வேண்டியவை வாயில்கள். கண்டமொன்றைக் கைப்பற்றுவது ஒரு விடயம். அதனை அடுத்த சுற்று வரை தக்கவைத்திருப்பது வேறு விடயம். வெளியிலிருந்து தாக்கப்படக் கூடிய எல்லை நிலங்கள் எத்தனை என்பதைப் பொறுத்தே அது அமையும். மூல வரைபடத்தில் அவுஸ்திரேலியாவுக்கு நான்கு நிலங்கள், ஒரே வாயில். இந்தோனேசியா வழியாகச் சீயத்துடன் மட்டுமே அது தொடர்புபட்டுள்ளது. மேலதிகப் படை இரண்டு. தென் அமெரிக்காவுக்கும் நான்கு நிலங்கள், இரண்டு படைகள். ஆனால் வெனிசுவேலா, பிரேசில் என வாயில்கள் இரண்டு. ஆபிரிக்காவுக்கு ஆறு நிலங்கள், மூன்று வாயில்கள், மூன்று படைகள். வட அமெரிக்காவுக்கு ஒன்பது நிலங்கள், மூன்று வாயில்கள், ஐந்து படைகள். ஐரோப்பாவுக்கு ஏழு நிலங்கள், நான்கு வாயில்கள், ஐந்து படைகள். ஆசியாவுக்கு 12 நிலங்கள், ஐந்து வாயில்கள், ஏழு படைகள்.

வாயிலொன்றுக்குக் கிடைக்கும் படைகளைக் கணக்கிட்டால் அவுஸ்திரேலியாவுக்கு 2; வட அமெரிக்காவுக்கு ஏறத்தாழ 1.7, ஆசியாவுக்கு 1.4, ஐரோப்பாவுக்கு 1.25, தென் அமெரிக்காவுக்கும் ஆபிரிக்காவுக்கும் 1. இவ்வெண்களை மட்டும் நம்பி ஆசியா மூன்றாவது சிறந்த கண்டம் என முடிவு செய்பவர் ஏமாந்து போவார். ஆசியாவின் வாயில்களுள் ஒன்றான மத்திய கிழக்கை மட்டும் எடுத்துக் கொண்டால், உக்ரைன், தென் ஐரோப்பா, எகிப்து, கிழக்கு ஆபிரிக்கா ஆகிய நான்கு வெளிநிலங்கள் அதனைச் சூழ்ந்து நிற்கின்றன. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் வெளியுலகுடன் தலா எட்டுத் தொடுப்புகள் உள்ளன, ஆபிரிக்காவுக்கு ஆறு, வட அமெரிக்காவுக்கு மூன்றே மூன்று. ஆகவே வாயில்களையும் எண்ண வேண்டும், அவ்வாயில்களை எத்தனை அயலவர் தட்டக்கூடும் என்பதையும் எண்ண வேண்டும். இரண்டையும் ஒருங்கே பார்க்கும்போதுதான் வட அமெரிக்காவின் அருமை புலனாகும். அதனை முழுமையாகப் பிடிப்பதற்குக் காலமெடுக்கும். பிடித்த பின்னர் அலாஸ்கா, கிறீன்லாந்து, மத்திய அமெரிக்கா ஆகிய மூன்று இடங்களிற் காவல் வைத்தாற் போதும்.

அவுஸ்திரேலியாவைப் பற்றி இங்கே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. புதியவர்களுக்கு வழங்கப்படும் ஆலோசனைகளில் அவுஸ்திரேலியாவைப் பிடி என்பதே எப்போதும் முதலிடம் பெறுகிறது. வருமானம் மூன்றாக இருக்கும் வேளையில் மேலதிகமாக இரண்டு படைகள் கிடைப்பது பெரும் வரப்பிரசாதமே. ஆனால் இந்த உண்மை அனைவருக்கும் தெரிந்திருப்பதால் அங்கே போட்டி கடுமையாக இருக்கும். இருவர் அதற்காக மோதிச் சோர்ந்து போக, மூன்றாமவர் வேறோரிடத்தில் வளர்ந்துவிடுவார். இன்னொரு பொறியும் உண்டு. வாயில் ஒன்று என்றால் உள்ளே வருவதற்கு மட்டுமன்று, வெளியே செல்வதற்கும் வழி ஒன்றுதான். சீயத்தில் எதிரியொருவர் பெரும் படையை நிறுத்திவிட்டால், அவுஸ்திரேலியாவை வைத்திருப்பவர் பாதுகாப்பான சிறையொன்றில் அடைபட்டவராவார். இரண்டு படைகளில் திருப்தியடைந்து சுற்றுச் சுற்றாகக் காத்திருக்கும் அவரைச் சுற்றி, மற்றையோர் ஐந்தும் ஏழுமாகப் பெறத் தொடங்கிவிடுவர். இத்தனை பாடங்களையும் ஒரே பலகையில் கற்பிக்க வல்லது என்பதாலேயே மூல வரைபடத்தை நாம் முதலாவதாகப் பரிந்துரைக்கிறோம்.

பகடையின் கணக்கையும் அறிந்து வைத்திருத்தல் நலம். மூன்று பகடைகளும் இரண்டு பகடைகளும் மோதும்போது ஏற்படக்கூடிய விளைவுகள் 7,776. அவற்றுள் 2,890 இல் காப்பவர் இரு படைகளை இழக்கிறார். 2,275 இல் தாக்குபவர் இரண்டை இழக்கிறார். எஞ்சிய 2,611 இல் ஆளுக்கொன்று. பெரும் படைகள் மோதும் நீண்ட சண்டையில் தாக்குபவருக்கே சிறு சாதகம் உண்டு என்பது இதன் பொருள். ஆகவே வாயிலில் படையைக் குவித்துவிட்டுக் கண்ணயர்ந்து விட முடியாது. வோர்சோனில் பொதுவான அமைப்பு இதற்கு நேர்மாறானது. அங்கே தாக்கும் படையொன்று எதிரிப் படையொன்றை அழிக்கும் வாய்ப்பு 60 வீதம். காக்கும் படைக்கு 70 வீதம். ஒரே உலக வரைபடமாயினும் அங்கே காவல் வலிமையானது. ஒரு விளையாட்டில் தேறியவர் மற்றதில் அதே வரைபடத்தைத் தெரிவு செய்யும்போது இவ்வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும்.

வரைபடத்தை வாசிக்க முடிகிறதா என்பதும் அற்ப விடயமன்று. மூல வரைபடத்தின் இடது ஓரத்தில் அலாஸ்காவும் வலது ஓரத்தில் கம்சட்காவும் உள்ளன. இரண்டும் ஒன்றையொன்று தாக்கக் கூடிய அயல் நிலங்கள். பலகையின் ஓரங்களில் உள்ள ஒரு சிறு கோடு மாத்திரமே அதனைத் தெரிவிக்கிறது. எதிரி உலகின் மறுகோடியில் இருப்பதாக எண்ணி அலாஸ்காவில் ஒரே ஒரு படையை விட்டுவைத்து வட அமெரிக்காவை இழந்தவர்கள் எத்தனையோ பேர். நன்கறியப்பட்ட வரைபடத்திலேயே நிலைமை இதுவெனில், கடல்வழிக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தீவுக்கூட்ட வரைபடங்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கைத்தொலைபேசியின் சிறிய திரையில் அவை இன்னும் மோசம். எந்த நிலத்திலிருந்து எந்த நிலத்துக்குச் செல்லலாம் என்பதை ஒரு நிமிடத்துக்குள் கண்டுகொள்ள முடியவில்லையாயின், அவ்வரைபடத்தைப் பிறிதொரு நாளைக்கு ஒத்திவைப்பதே உசிதம்.

இதற்கு எளிய பரீட்சை ஒன்றுண்டு. அப்பியாசக் கொப்பியின் தாளொன்றில் கண்டங்களை வட்டங்களாக வரைந்து, அவற்றுக்கிடையிலான தொடுப்புகளைக் கோடுகளாகப் போட்டுப் பாருங்கள். மூல வரைபடத்துக்கு ஆறு வட்டங்களும் 14 கோடுகளும் போதுமானவை. பத்து நிமிடங்களில் அது முடிந்துவிடும். ஒரு வரைபடத்தை இவ்வாறு வரைய முற்பட்டுத் தாள் முழுவதும் கோடுகளாகி விட்டால், அது புதியவர்களுக்கானதல்ல.

சொந்த நாட்டின் வரைபடம் இலகுவாக இருக்கும் என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இடங்களின் பெயர்கள் பழக்கமானவை என்பதால் கண் விரைவாகப் பதியும் என்பது மெய்யே. ஆனால் தலைநகரம் இருக்கும் பகுதி முக்கியமானது, பரந்த மாகாணம் பெறுமதியானது என்ற எமது பழைய அறிவு இங்கே தவறான வழியைக் காட்டும். விளையாட்டு வரைபடத்தில் ஒரு நிலத்தின் பெறுமதி அதன் தொடுப்புகளில் மாத்திரமே தங்கியுள்ளது. மூல வரைபடத்தை எடுத்துக் கொண்டால், மடகஸ்காருக்குத் தனியிடம் உண்டு, ஐஸ்லாந்துக்கும் உண்டு; இலங்கைக்கு இல்லை. லமொரிஸுடன் இதற்காகச் சண்டையிட்டுப் பயனில்லை. அவர் பூகோளம் கற்பிக்கப் பலகையை வரைந்தவரல்லர்.

இவ்விடத்தில் பெற்றோர் சிலரின் தயக்கத்தையும் குறிப்பிடாதிருக்க முடியாது. 2009 இல் முடிவுற்ற போரில் நிலத்தையும் உறவுகளையும் இழந்தோர் வாழும் வீடுகளில், நிலம் பிடிக்கும் விளையாட்டு என்ற சொற்றொடரே உறுத்தலைத் தருவது நியாயமானது. இதனை ஆடியே ஆக வேண்டும் என்று எவரையும் வற்புறுத்த நாம் முன்வரவில்லை. ஆனால் ஆட விரும்பும் பிள்ளைக்கு வரைபடம் தெரிவு செய்து கொடுப்பவர்கள், அண்மைக்காலப் போர்களை அடியொற்றி வரையப்பட்டவற்றைத் தவிர்த்து, பொதுவான உலக வரைபடத்தையோ கற்பனை நிலங்களையோ தெரிவு செய்யலாம். அவ்வாறான வரைபடங்களுக்குப் பஞ்சமில்லை. கணக்கைக் கற்பதற்கு எவருடைய காயமும் தேவையில்லை.

பயனர்கள் வரைந்த வரைபடங்களிற் காணப்படும் விசேட விதிகள் மற்றொரு தடைக்கல். ஒரு திசையில் மட்டும் தாக்கக் கூடிய வழிகள் சிலவற்றில் உண்டு; போனவர் அவ்வழியே திரும்ப முடியாது. தூரத்திலிருந்து எதிரியின் படையை அழிக்கலாம், ஆனால் அந்நிலத்தைக் கைப்பற்ற முடியாது என்ற வகையிலான குண்டுவீச்சு நிலங்கள் சிலவற்றில் உண்டு. படைகள் சுற்றுக்கொருமுறை தாமாகவே தேய்ந்து போகும் நிலங்களும், பிடித்தாலும் அடுத்த முறையே கைநழுவி நடுநிலைக்குத் திரும்பிவிடும் நிலங்களும்கூட உள்ளன. அனுபவசாலிகளுக்கு இவை சுவை சேர்ப்பவை. அடிப்படைக் கணக்கே பிடிபடாதவருக்கோ, இவை ஒவ்வொன்றும் காரணம் புரியாத தோல்வியாகவே முடியும். வரைபடத்தின் ஓரத்தில் விளக்கக் குறிப்பு நீளமாக இருந்தால் அதனையே எச்சரிக்கையாகக் கொள்ளலாம். எதிரியின் நிலங்களை மறைத்துவைக்கும் 'போர் மூட்டம்' என்ற தெரிவும் இத்தகையதே. அது வரைபடத்தின் பகுதியன்று என்றாலும் முதற்சில ஆட்டங்களில் அதனை நிறுத்தி வைத்தல் வேண்டும்.

மூல வரைபடத்தில் எத்தனை ஆட்டங்கள் ஆடிய பின்னர் வேறொன்றுக்குச் செல்லலாம் என்ற வினாவுக்கு எண்ணிக்கையில் விடையளிக்க இயலாது. எதிரியின் முறை தொடங்குவதற்கு முன்னரே, அவர் எந்த வாயிலைத் தாக்குவார், அவருக்கு எத்தனை படைகள் கிடைக்கும் என்பதை ஆடுபவர் தாமாகச் சொல்ல முடிகிறதா எனப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தடவைகளில் அது சரியாக அமையத் தொடங்கினால், அடுத்த வரைபடத்தைத் தேடலாம். அப்போதும் நிலங்களின் எண்ணிக்கையை 50 அளவிலேயே வைத்துக் கொண்டு, புதிய விதி ஒன்றை மட்டும் கொண்ட வரைபடத்தை எடுக்க வேண்டும். ஒருவழிப் பாதையைப் பழக விரும்புபவர் அதே ஆட்டத்தில் குண்டுவீச்சையும் சேர்த்துப் பழக முற்பட்டால், தோற்றது எதனால் என்பதை அவரால் பிரித்தறிய முடியாது போகும். 150 நிலங்களைக் கொண்ட வரைபடங்கள் அதற்கும் பின்னரே. அவற்றில் இறங்கும்போது, முதலாவதாக ஆடுபவர் யார் என்பதை முதலிற் பார்த்துக் கொள்ளுங்கள்.